பயற்றங்கொடியின் வேரில் உள்ள முடிச்சுகள் நோயா? பாக்டீரியா வேருக்குள் நுழைவது எப்படி?

நோயல்ல. எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் பயற்றங்காய் நடுவோர் சிலர், இந்த உருண்டைகளைக் கண்டதும் மருந்து ஊற்ற நினைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழு தாக்கினால் வேரே வீங்கியிருக்கும். ரைசோபியம் போன்ற பாக்டீரியாக்களால் உண்டாகும் முடிச்சோ வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் கழன்றுவிடும்.

இந்தப் பாக்டீரியா செடியின் இசைவோடுதான் உள்ளே வருகிறது. நைட்ரஜன் போதாத நிலையில் அவரைக் குடும்பச் செடி தன் வேரிலிருந்து ஃபிளாவனாய்டு என்னும் சேர்மங்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணர்ந்த பாக்டீரியா ‘நாட் காரணி’ என்னும் மூலக்கூறுகளைச் சுரக்க, அவை தனக்கு உரியவைதாம் என்று அறிந்த பின்னரே வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவைத் தன் மடிப்புக்குள் வளைத்துக்கொள்கிறது. அங்கிருந்து தொற்றிழை என்னும் நுண்குழாய் ஒன்றைச் செடியே உள்நோக்கி அமைத்துக் கொடுக்கிறது. அதன் வழியே பாக்டீரியா பெருகிக்கொண்டு செல்லும்போதே, வேரின் புறணியில், அதாவது மேல்தோலுக்கு அடுத்த உட்பகுதியில், செல்கள் பகுத்துப் பெருகி முடிச்சு உருவாகத் தொடங்கியிருக்கும். நிலக்கடலை போன்ற சில செடிகளில் வழி வேறு: பக்கவேர் வெளிவரும் இடத்துப் பிளவின் வழியாகப் பாக்டீரியா நுழைகிறது.

உள்ளே ஒரு சிக்கல் உண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் நைட்ரோஜினேஸ் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். ஆனால் பாக்டீரியா சுவாசிக்க அதே ஆக்சிஜன் தேவை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் அதை அளவாக ஏந்திச் சென்று கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது பயனற்றது, பச்சையானால் முதிர்ந்து ஓய்ந்துவிட்டது.

யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சுகள் குறையும். மண்ணில் நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது, சர்க்கரையைச் செலவிட்டுப் பாக்டீரியாவை வளர்க்கும் தேவை செடிக்கு இல்லை. நம் புளித்த, அதாவது அமிலத்தன்மை மிகுந்த, மண்ணுக்குச் சிறிது சுண்ணாம்பும் பாறைப் பாஸ்பேட்டும் இடுவதே நல்லது என்பது என் கருத்து.

தோட்டங்களில் இளம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) அடியில் புவேராரியா, முக்குனா முதலிய அவரைக் குடும்ப மூடுபயிர்களைப் படரவிடுவதற்கு, முடிச்சுகள் தரும் இந்த நைட்ரஜனும் ஒரு காரணம். செம்பனையின் வேரில் இம்முடிச்சுகள் உண்டாவதில்லை. கொடியின் இலையும் வேரும் மட்கும்போதுதான் அந்த நைட்ரஜனின் பெரும்பகுதி மரத்தைச் சேர்கிறது.