எழுத்து எழுதாமல் துணை விசா எடுக்கலாமா? மட்டக்களப்பிலிருந்து கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: உங்கள் காதலர் கனடாவில் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) உள்ளவர், ஆறு வருடப் பழக்கம், இரண்டு தடவை மூன்று மூன்று கிழமை லீவில் வந்து போயிருக்கிறார், இன்னும் எழுத்து எழுதவில்லை, அதாவது கல்யாணத்தைப் பதியவில்லை. எழுதாமலே விசாவுக்குப் போடலாமா, லண்டன் அல்லது அவுஸ்திரேலியா என்றால் விதி வேறா?

உங்கள் நிலையில் கனடாவுக்கு எழுதாமல் போட்டால் மறுப்பு வரத்தான் இடம் அதிகம். ஆறு வருடம் காணாது என்பதல்ல காரணம். பழகிய காலம் வேறு, ஒரே வீட்டில் குடித்தனம் நடத்திய காலம் வேறு. எந்த நாடு எதைக் கணக்கெடுக்கிறது என்று தெரியாமல் போட்டுத்தான் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் காசையும் காலத்தையும் இழக்கிறார்கள்.

கனடாவில் மூன்று வழி இருக்கிறது. முதலாவது, சட்டப்படி எழுதிய கணவன் மனைவி. இரண்டாவது 'கொமன் லோ': எழுதாவிட்டாலும் 12 மாதம் தொடர்ச்சியாக ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். இடையில் வேலைக்காகவோ குடும்ப அலுவலாகவோ சில நாள் பிரிந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் மூன்று கிழமை, மறுகா மூன்று கிழமை என்று கூட்டி 12 மாதம் ஆக்க முடியாது. மூன்றாவது 'கொன்ஜுகல்': குறைந்தது ஒரு வருடம் கணவன் மனைவி போன்ற உறவு, ஆனால் சேர்ந்து வாழவும் முடியவில்லை, கல்யாணம் செய்யவும் முடியவில்லை என்பவர்களுக்கு. இந்த மூன்றாவதைத்தான் ஏஜென்சிக்காரர் 'லவ் விசா' மாதிரிச் சொல்லித் தலையில் கட்டுகிறார்கள். அதிகாரி அங்கே கேட்கும் முதல் கேள்வி, ஏன் கல்யாணம் எழுதவில்லை என்பது. இருவரும் 18 வயது தாண்டியவர்கள், வேறு கல்யாணம் இல்லை, அவர் இலங்கைக்கு வந்து போகிறார் என்றால் உங்களைத் தடுத்தது எது? 'வீட்டில் விருப்பமில்லை', 'சீதன வீடு இன்னும் கட்டி முடியவில்லை', 'அக்காவுக்கு முடியாமல் எனக்கு எப்படி' என்பதெல்லாம் எங்களுக்கு மலை மாதிரிக் காரணங்கள். அந்தச் சட்டத்தின் கண்ணில் அவை தடை அல்ல. கல்யாணம் செய்யப்போகிறவர்களுக்கென்று தனி விசாவும் கனடாவில் கிடையாது.

கொன்ஜுகல் வழி உண்மையாகவே பொருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் கல்யாணத்தின் விவாகரத்து வழக்கு வருடக்கணக்காக இழுபடுகிறவர் இங்கே மறுமணம் எழுதவே முடியாது. ஒருபாலினத் துணைகளுக்கு இலங்கையில் கல்யாணம் இல்லை என்பதோடு, ஒருபாலின உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளும் தலைக்குமேல் நிற்கின்றன. இவர்கள் அந்தத் தடையை விவாகரத்து வழக்கேட்டின் பிரதி, விசிட் விசா மறுப்புக் கடிதம் போன்றவற்றால் காட்ட வேண்டும். ஊராரிடம் கடிதம் வாங்குவது ஆபத்து என்றால் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்று ஒரு பந்தியில் எழுதினால் அதையும் கணக்கில் எடுப்பார்கள்.

இங்கே ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுக் கொமன் லோவில் போடலாமா என்றால், விதிப்படி முடியும். ஆனால் பிஆர் உள்ளவர் ஸ்பொன்சர் செய்யும்போது கனடாவில் குடியிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு போட சிட்டிசனுக்கு மட்டுமே முடியும். பிஆரைக் காப்பாற்ற ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அவருக்கு ஓடிக்கொண்டிருக்கும். சேர்ந்து வாழ்ந்ததை நிரூபிப்பதும் எங்கள் ஊரில் லேசல்ல. மட்டக்களப்பு வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டு உறுதி பெண்ணின் பெயரில் அல்லது தாயின் பெயரில், கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் தாயின் பெயரில். அந்த வீட்டில் அவர் ஒரு வருடம் இருந்தாலும் அவர் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி இராது. அப்படி வாழ்வதானால் முதல் மாதத்திலேயே அந்த விலாசத்துக்கு அவருடைய வங்கிக் கடிதம், போன் பில் வர வழி செய்யுங்கள். கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழை எடுத்துப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் இருவர் பெயரிலும் ஒப்பந்தம் எழுதுங்கள். 'மறுகா பாப்பம்' என்று விட்டால், போன மாதங்களுக்கான கடதாசியைப் பிறகு உண்டாக்க முடியாது.

பிரித்தானியாவின் கணக்கு வேறு. முன்பு எழுதாத ஜோடி இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2024 ஜனவரி 31 முதல், கல்யாணத்துக்கு ஒப்பான உறவு குறைந்தது இரண்டு வருடம் இருந்தாலே போதும். ஒரே கூரை கட்டாயமில்லை. உங்களைப் போன்றவர்களுக்கு மூன்று நாடுகளில் கிட்டிய விதி இதுதான். ஆனாலும் வெறும் காதலர்கள் இல்லை, குடும்பமாகவே நடக்கிறோம் என்று காட்ட வேண்டும்: ஒருவர் செலவை மற்றவர் பார்ப்பது, நோய் நொடியில் நிற்பது, இரண்டு வீட்டாரும் அறிந்திருப்பது, தூரமாக இருப்பதற்கான காரணம். அங்கே பலரை விழுத்துவது உறவல்ல, வருமானம். 2024 ஏப்ரல் 11 முதல் அங்குள்ளவர் வருடத்துக்கு 29,000 பவுண் காட்ட வேண்டும். சேமிப்பை மட்டும் வைத்துக் காட்டுவதானால் 88,500 பவுண் ஆறு மாதம் வங்கியில் கிடந்திருக்க வேண்டும். ஆறு மாதச் சம்பளச் சீட்டில் உள்ள தொகையும் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும். கையில் காசாகச் சம்பளம் வாங்கும் கடை வேலைக்காரருக்குச் சிக்கல் வருவது இங்கேதான். உங்களுக்கு ஏ1 என்ற அடிப்படைத் தர ஆங்கிலப் பேச்சுப் பரீட்சையும் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். அந்தச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே மற்றக் கடதாசி எல்லாம் தயாரான பிறகே எடுங்கள். போய் எழுதப்போகிறவர்களுக்கு ஆறு மாத விசா தனியாக உண்டு. அந்த ஆறு மாதத்தில் வேலை செய்ய முடியாது, எழுதிய பின் மறுபடி கட்டணம் கட்டி மாற்ற வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் எழுதாத துணைக்கு 309 இலக்க விசா. விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் 'டி ஃபக்டோ' உறவு, அதாவது எழுதாமலே கணவன் மனைவி போன்ற உறவு இருந்திருக்க வேண்டும். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் உறவைப் பதிந்தால் அந்த 12 மாதம் கேட்கமாட்டார்கள். ஆனால் காசு, வீட்டு நிர்வாகம், ஊர் உலகம் அறிந்தமை, ஒருவருக்கொருவர் உள்ள உறுதி என்ற நாலையும் எப்படியும் பார்ப்பார்கள். தனித்தனி வீட்டில் இருந்து பழகிய காலத்தை இந்தப் 12 மாதத்தில் சேர்ப்பது கடினம். கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு 300 இலக்க விசா பொருத்தம்: இருவரும் 18 வயதுக்குப் பின் நேரில் சந்தித்திருக்க வேண்டும், திருமணம் நடத்திவைப்பவரின் கடிதம் வேண்டும், விசா 9 முதல் 15 மாதம் வரை, அதற்குள் கல்யாணம் முடிக்க வேண்டும். கட்டணம் 9,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல், மறுத்தால் திரும்பாது.

இனிச் சொல்வதை எந்த நாட்டுக்குப் போடுகிறவரும் இரண்டு தடவை வாசியுங்கள். எங்கள் வழக்கத்தில் எழுத்தை முதலில் வைத்துவிட்டு, தாலி கட்டு ஒரு வருடம் கழித்து நடக்கும். அதுவரை பெண் தாய் வீட்டில், ஊரும் 'இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்றே சொல்லும். சட்டத்தில் எழுத்து எழுதிய அன்றே நீங்கள் கணவன் மனைவி. அதன்பின் எந்த ஃபோர்மிலும் 'திருமணமாகாதவர்' என்று போட்டால் அது பொய்த் தகவல். மறுபக்கம், கோயிலில் தாலி கட்டிவிட்டு எழுதாமல் இருப்பவர்களையும் வழக்கப்படியான கல்யாணம் என்று இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. அதை மறைத்து 'காதலர்கள்' என்று போட்டால் கல்யாணப் படம் ஒன்று முகநூலில் கிடந்தாலே போதும். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் நிக்காஹ் முடித்துப் பதியாமல் இருப்பவர்களுக்கும் இதுதான்: முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் பதியாததால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போவதில்லை. பொய்த் தகவல் பிடிபட்டால் கனடா ஐந்து வருடம் உள்ளே விடாது, பிரித்தானியாவில் 10 வருடம் வரை போகும், அவுஸ்திரேலியாவில் மூன்று வருடம். உண்மையைச் சொல்லி மறுப்பு வாங்கினால் அடுத்த மாதமே திருத்திப் போடலாம்.

கனடாவில் இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. அவர் பிஆர் எடுக்கும்போது கொமன் லோ துணை இருந்தும் சொல்லாமல் விட்டிருந்தால், அந்தத் துணையைப் பின்னர் ஸ்பொன்சர் செய்வதற்கே தடை வரலாம். வெறும் பழக்கத்தைச் சொல்லத் தேவையில்லை, ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால்தான். அவரே முன்பு ஒரு மனைவியின் ஸ்பொன்சரில் வந்தவர் என்றால், பிஆர் கிடைத்து ஐந்து வருடம் போகாமல் உங்களைக் கூப்பிட முடியாது. அவரிடம் இதை வெட்கப்படாமல் கேளுங்கள்.

ஆகவே உங்களுக்கு என் கருத்து: மேலே சொன்ன தடைகள் எதுவும் இல்லையென்றால் அடுத்த லீவில் எழுதிவிட்டுக் கணவன் மனைவியாகப் போடுங்கள். விசாவுக்காக அவசரமாக எழுதச் சொல்லவில்லை. எழுதும் எண்ணம் உறுதியானால் மட்டும். இலங்கையின் பொது விவாகப் பதிவுச் சட்டத்தில் பதிவாளர் பிரிவில் 10 நாள் வதிவு, அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழித்தே எழுதுவதற்கான சான்று. கூட்டினால் 22 நாள். மூன்று கிழமை லீவு 21 நாள்தான்! அவர் டிக்கெட் போடுமுன் பதிவாளரைச் சந்தித்து, நீங்கள் முன்கூட்டி அறிவித்தல் கொடுக்கலாமா, சிறப்பு அனுமதிப்பத்திரம் எடுப்பதா என்று பேசி முடியுங்கள். அவர் திருமணமாகாதவர் என்பதற்கான சத்தியக்கடதாசியை எந்த வடிவில் ஏற்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து அல்லது கிறிஸ்தவர் என்றாலும் பொதுச் சட்டத்தில் மதம் மாறாமல் எழுதலாம். அது தெரியாமல் நிற்கிற ஜோடிகள் அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர் அங்கே இருக்க இங்கே போனிலோ வீடியோவிலோ எழுதும் கல்யாணத்தைக் கனடா ஏற்காது. இருவரும் நேரில் நிற்க வேண்டும்.

ஆதாரங்களை இன்றிலிருந்தே சேருங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு வருடத்தையும் அச்சடிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு பக்கம், திகதி தெரிய, சண்டை பிடித்ததும் சமாதானமானதும் உட்பட. காசை உண்டியலில் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். அது சட்டத்துக்கும் மாறு, ஒரு ரசீதும் மிஞ்சாது. வங்கி வழியாக வரும் பத்தாயிரம் ரூபா உண்டியலில் வந்த பத்து லட்சத்தை விடப் பெறுமதி. போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கம், இரண்டு வீட்டாரோடும் எடுத்த படங்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் இடமும் திகதியும். நீங்கள் சொந்த மச்சான் மச்சாள் என்றால் மறைக்காதீர்கள். உறவு எப்போது காதலாக மாறியது என்று எழுதுங்கள். இருவரும் தனித்தனியாக எழுதும் திகதிகள் ஒத்துப்போக வேண்டும். முதலில் சந்தித்தது தேர்த் திருவிழாவில் என்று ஒருவரும் பாசிக்குடாவில் என்று மற்றவரும் எழுதினால், நேர்முகத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். தமிழ்ச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்கள் கட்டார், சவூதி போன்ற இடங்களில் வேலை செய்திருந்தால் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றும் கேட்பார்கள்: கனடாவுக்கு கடந்த 10 வருடத்தில் ஒரே நாட்டில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால், அவுஸ்திரேலியாவுக்கு எல்லாம் கூட்டி 12 மாதம் இருந்திருந்தால். வளைகுடாச் சான்று இங்கிருந்து எடுக்க மாதக்கணக்கு இழுக்கும். பழைய விசாப் பக்கமுள்ள காலாவதியான பாஸ்போர்ட்டை வீசிவிடாதீர்கள்.