கார் ரேஸ் கேமில் லிவரி என்றால் என்ன? போட்டோவை அப்படியே ஒட்ட முடியாதா?

லிவரி என்பது காரின் மேல் வரும் மொத்த அலங்காரம்: அடிப் பெயின்ட், கோடு, எண், சின்னம் எல்லாம் சேர்த்து. ஃபோர்ஸா ஹொரைசன் 5-ல் போட்டோவை ஏற்ற முடியாது. வட்டம், சதுரம், முக்கோணம் என்று வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஏன்? ஒரு வடிவத்துக்கு இடம், அளவு, சாய்வு, நிறம் குறித்துவைத்தால் போதும். பெரிதாக்கினாலும் ஓரம் மங்காது.

வியாசர்பாடியில் ஆட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுபவரைப் பாருங்கள், அதே வேலைதான். பிறை வேண்டுமா? மஞ்சள் ஆட்டோவில் ஒரு வெள்ளை வட்டம்; அதன்மேல் சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் வட்டம். பிறை வந்துவிடும். வளைவான இடத்தில் எழுத்து கோணிக்கொள்வதுதான் தலைவலி, இரண்டு இடத்திலும்!

அப்புறம், லிவரி மாற்றினால் கார் வேகமாக ஓடும் என்பார்கள். ஓடாது, தோற்றம் மட்டும்தான் மாறும்.