லண்டனில் ஹாரட்ஸ், ஃபோர்ட்னம் மாதிரியான ஆடம்பர உணவுக் கூடங்களைப் பார்க்கப் போகலாமா? பர்ஸ் தாங்குமா?

தாராளமாகப் போகலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. எதையும் வாங்காமல் வெளியே வந்தாலும் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் லண்டனைச் சுற்றிக் காட்டும் வேலை எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஹாரட்ஸைப் பாருங்கள், ஃபோர்ட்னமில் தேயிலை வாங்குங்கள், சாப்பாட்டை பரோ மார்க்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாரட்ஸுக்குப் பசியோடு போகிறவர்களுக்குத்தான் பர்ஸ் காலியாகும்.

ஹாரட்ஸ் இன்று கைப்பைக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பேர்போன கடை. ஆனால் அதன் பூர்வீகம் மளிகை. சார்லஸ் ஹென்ரி ஹாரட் கிழக்கு லண்டனில் மளிகையும் தேயிலையும் விற்றவர்; 1849-இல் நைட்ஸ்பிரிட்ஜ் பக்கம் வந்தார். 1883-இல் கடை தீப்பற்றி எரிந்தது. அதன் பிறகு எழும்பியதுதான் இப்போதுள்ள மாளிகை. 1898-இல் அங்கே நகரும் படிக்கட்டு வைத்தபோது, ஏறி வந்து மிரண்டவர்களைத் தெளிய வைக்க மேலே பிராந்தி கொடுத்தார்களாம்.

உள்ளே போனதும் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். பழைய இறைச்சிக் கூடத்தின் ஓடுகள் டபிள்யூ. ஜே. நீட்பி வடிவமைத்து, டோல்ட்டன் பீங்கான் நிறுவனம் 1900-களின் தொடக்கத்தில் செய்து கொடுத்தவை. வேட்டை, பறவை, மீன் என்று வட்ட வட்டமாகச் சித்திரங்கள். ஆடும் கோழியும் தொங்கிய அந்தக் கூடத்தில் இப்போது உயரமான நாற்காலிகளில் உட்கார்ந்து சாப்பிடும் கவுன்டர்கள் இருக்கின்றன. கறிக்கடைக்கு இவ்வளவு அலங்காரம் செய்த ஊர் இது. எனக்கு ஹாரட்ஸில் பிடித்ததே இந்தக் கூரைதான். கீழே இருப்பதில் பாதி வெறும் டப்பா அழகு.

விலைச்சீட்டைக் கவனமாகப் படியுங்கள். சீஸ், சாக்லேட், ஆலிவ் போன்றவற்றில் பெரிய எழுத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கானது. கிலோ விலை என்று நினைத்துக்கொண்டு 'அரைக் கிலோ போடுங்க' என்று சொல்லிவிட்டால் தராசு காட்டும் தொகையில் மயக்கம் வரும். அதேபோல, ஆறிய பலகாரத்தை வெளியே எடுத்துப்போய்ச் சாப்பிட்டால் பெரும்பாலும் வாட் வரி இல்லை. அதையே அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். பக்கத்திலேயே ஹைட் பார்க் இருக்கிறது, பெஞ்சுக்குக் காசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்காதீர்கள். 1994 சட்டப்படி இங்கிலாந்தில் பெரிய கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் விற்பனை செய்யலாம்; அதனால் தாமதமாகத்தான் விற்பனையைத் தொடங்குவார்கள்.

அங்கிருந்து பிக்காடில்லி லைனில் இரண்டாவது ஸ்டேஷன் கிரீன் பார்க். இறங்கி நடந்தால் ஃபோர்ட்னம் அண்ட் மேசன். 1707-இல் தொடங்கிய கடை. அரசி ஆன் அரண்மனையில் வில்லியம் ஃபோர்ட்னம் சேவகராக இருந்தார். அங்கே தினமும் புது மெழுகுவத்தி ஏற்றுவார்கள். எரிந்து மிஞ்சியதை விற்றுக் காசு சேர்த்து, தான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஹியூ மேசனோடு கூட்டு வைத்தார் என்பது கடை சொல்லும் கதை. வாசலுக்கு மேலே 1964-இல் வைத்த கடிகாரத்தில் மணிக்கு ஒரு தடவை இரண்டு பேரும் பொம்மையாக வெளியே வந்து ஒருவருக்கொருவர் தலை வணங்குவார்கள். குழந்தைகளோடு போனால் அந்த நேரம் பார்த்துப் போங்கள்.

இங்கே தரைத்தளத்தில் தேயிலை. 'ராயல் ப்ளெண்ட்' என்ற கலவை 1902-இல் ஏழாம் எட்வர்டுக்காகச் செய்தது. அசாமும் சிலோனும் சேர்ந்தது. தமிழர்கள் இந்த அலமாரி முன்னால் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். இலங்கையில் காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்த பிறகு தேயிலை பரவியது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கி வைத்தது. அந்த மலைகளில் கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் மலையகத் தமிழர்கள். டப்பாவில் ராஜா பெயர் இருக்கிறது, கொழுந்து பறித்தவர்கள் பெயர் இல்லை. ஊருக்கு வாங்கிப்போக ஏற்ற பொருளும் இதுதான்: உடையாது, கெடாது, பெட்டியில் பாரமும் இல்லை.

கீழ்த்தளத்தில் இறைச்சி, சீஸ், பழங்கள். ஸ்காட்ச் எக் 1738-இல் தாங்களே கண்டுபிடித்தது என்று பெருமை பேசுவார்கள், மற்றவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. நம் முட்டை போண்டாதான், கடலை மாவுக்குப் பதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி. அது ஆகாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு இன்னொன்று: சீஸ் எல்லாமே சைவம் இல்லை. பார்மீசானில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் (பாலைத் திரிய வைப்பது) கட்டாயம். பாரம்பரிய முறையில் செய்யும் செடார் பலவற்றிலும் அதுதான்.

கிரீன் பார்க்கிலிருந்தே ஜூபிலி லைனில் லண்டன் பிரிட்ஜ் போய்விடலாம். பரோ மார்க்கெட் ரயில் பாலங்களுக்கு அடியில் இருக்கிறது. தலைக்கு மேல் ரயில் தடதடக்கும். நெரிசல் தாங்காமல் பழைய சந்தையைச் சாலையிலிருந்து நாடாளுமன்றம் அப்புறப்படுத்தியபோது, அந்த வட்டாரத்து மக்களே 6,000 பவுண்டு திரட்டி இந்த இடத்தை வாங்கினார்கள். 1756-இல் இங்கே சந்தை தொடங்கியது. இன்றும் ஓர் அறக்கட்டளைதான் நடத்துகிறது. காய்கறி மொத்த வியாபாரம் சூப்பர் மார்க்கெட்டுகளால் படுத்துப்போய், 1990-களின் இறுதியில் ருசிக்கு வருகிறவர்களை நம்பி மறுபடி எழுந்தது.

இங்கே வாய் திறந்து பேசுங்கள். ஒட்டியிருக்கும் பார்க் ஸ்ட்ரீட்டில் நீல்ஸ் யார்ட் டெய்ரியில் கேட்டால் சீஸை ருசி பார்க்கக் கொடுப்பார்கள். ஸ்டில்ட்டன் கேளுங்கள். டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்கம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் செய்தால்தான் அந்தப் பெயர் வைக்கலாம். ஸ்டில்ட்டன் என்ற ஊரோ கேம்பிரிட்ஜ்ஷயரில் இருக்கிறது! தன் பெயருள்ள சீஸை அந்த ஊர் செய்ய முடியாது. திங்கட்கிழமை மார்க்கெட் கிடையாது. சனிக்கிழமை கூட்டத்தில் நகரவே முடியாது. செவ்வாய், புதன் நல்லது. இதுவும் மலிவான இடம் இல்லை, ஆனால் கொடுத்த காசு வயிற்றுக்குப் போகிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டு 'நாக்குக்குக் காரமே இல்லையே' என்று கூட வந்தவர்கள் முனகுவார்கள். அதே லண்டன் பிரிட்ஜில் நார்தர்ன் லைனில் மோர்டன் போகும் ரயிலைப் பிடித்து டூட்டிங் பிராட்வேயில் இறங்குங்கள். யாழ்ப்பாணத்துக்காரர் கடையில் மட்டன் ரோல், கொத்து ரொட்டி. விலை ஒரு தட்டுக்குத்தான், 100 கிராமுக்கு இல்லை.