தூண்களுக்கு நடுவே எழுந்த சுவர்

அன்புள்ள ஐயா,

ரோமில் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். கிறிஸ்தவம் அரச மதமானதுமே பழைய கோயில்களையெல்லாம் பிடித்துத் தேவாலயமாக்கிவிட்டார்கள் என்றார் வழிகாட்டி. அப்படித்தானா?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

இல்லை. பேரரசர் தியோடோசியஸ் பலியையும் கோயில் வழிபாட்டையும் தடை செய்தது 391இல். பாந்தியன் தேவாலயமானது 609இல், போப் நான்காம் போனிபாஸ் காலத்தில். நடுவில் இருநூறு வருடங்களுக்கு மேல்.

ஏன் இவ்வளவு தாமதம்? சாத்தான்கள் குடியிருக்கும் இடம் என்று கிறிஸ்தவர்கள் கோயில்களை அஞ்சினார்கள். அதைவிட, அந்தக் கட்டடம் அவர்களுக்கு உதவாது. கிரேக்க, ரோமானியக் கோயில் தெய்வத்தின் வீடு. பலிபீடமும் கூட்டமும் வெளியேதான். தேவாலயத்திலோ சபையே உள்ளே நிற்கவேண்டும்.

இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம். சிசிலியின் சிரக்கூசாவில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தெய்வம் அதீனாவுக்குக் கட்டிய கோயில். அதன் வெளித்தூண்களின் இடைவெளிகளை அடைத்துச் சுவராக்கினார்கள். கருவறையின் பக்கச் சுவர்களைக் குடைந்து வளைவுகள் திறந்தார்கள். மூடியிருந்தது திறந்தது, திறந்திருந்தது மூடியது. கருவறை நடுக்கூடமாக, தெய்வத்தைச் சுற்றிவந்த பாதை பக்கக்கூடங்களாயிற்று. துருக்கியின் அப்ரோடிசியாஸில் இன்னும் துணிச்சல்: கருவறையையே பிரித்து, அந்தக் கல்லைக் கொண்டு தூண்வரிசைக்கு வெளியே சுவர் எழுப்பினார்கள். கோயிலைவிடத் தேவாலயம் பெரிதாகிவிட்டது. ஏதென்ஸின் அதீனா கோயிலான பார்த்தினனில் கிழக்கு வாசலை அடைத்து, மேற்கிலிருந்து நுழையவைத்தார்கள்.

ஆனால் வழிகாட்டி சொன்ன 'பிடித்து' என்ற சொல் பொருந்தும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்க எனக்கு மனமில்லை. எகிப்தின் பிலே தீவில் ஐசிஸ் என்ற எகிப்தியப் பெண் தெய்வத்தின் வழிபாடு 6ஆம் நூற்றாண்டுவரை நடந்தது. பேரரசர் ஜஸ்டினியன் ஆணைப்படி தளபதி நார்சஸ் பூசாரிகளைக் காவலில் வைத்து, சிலைகளைத் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளுக்கு அனுப்பினார் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். அப்புறம் பிஷப் தியோடர் கோயில் மண்டபத்தைப் புனித ஸ்தேவானின் தேவாலயமாக்கினார். அங்கே புடைப்புச் சிற்பங்களின் முகங்கள் கொத்தப்பட்டிருக்கின்றன, சுவர்களில் சிலுவைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. காலியாகக் கிடந்த வீட்டில் குடியேறுவதும், குடியிருந்தவர்களை வெளியேற்றுவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியாகத்தான் கேட்கவேண்டும்.

அடுத்த முறை இத்தாலி போனால் சிரக்கூசாவுக்கும் போங்கள். அந்த அதீனா கோயில்தான் இன்று கதீட்ரல். அதற்குள் நுழையும் முன் வடக்குப் பக்கத் தெருவில் கொஞ்சம் நில்லுங்கள். சுவரிலிருந்து டோரிக் என்னும் பழைய கிரேக்கப் பாணித் தூண்கள் புடைத்துக்கொண்டு நிற்பது அங்கிருந்தே தெரியும்.