அம்மம்மாவின் தேத்தண்ணி

போன சனிக்கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயும் மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குக் கொஞ்சம் காணாது. லண்டன் மாமா வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் பார்த்து வைத்திருக்கிறார். ஊரில் இருக்கிற காணியை விற்றால் முதல் இரண்டு வருஷத்தைச் சமாளிக்கலாமாம். தாய் அழுதுவிட்டார். நானும் முதல் பத்து நிமிஷம் "எல்லாம் சரிவரும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரிவராது, அம்மா. அன்று தொண்டையில் நின்றதை இன்று எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்குக் காணி. மீதி வருஷங்களுக்கு என்ன? கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாம் இருக்கிறது. படித்து முடித்து வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்த பிறகுதான் இங்கே உள்ளகப் பயிற்சி. அதை இரண்டு மூன்று தடவை எழுதுகிறவர்களும் உண்டு. வங்கி வட்டி அதுவரை காத்திருக்காது. மாமாவின் பெயரில் கடன் எடுப்பதாக யாரும் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

மருத்துவத்துக்கு அடுத்து எல்லாரும் சொல்லும் படிப்புகளை விட்டுவிடுகிறேன். அந்தப் பட்டியல் உங்கள் கையிலேயே இருந்தது. நான் பார்த்தது மகள் மடியில் வைத்திருந்த கொப்பியை. அம்மம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஒப்பரேஷன் முடிந்த பிறகு மூன்று மாதம் அவள் எழுதியது. ஒப்பரேஷன் நன்றாக முடிந்ததென்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் குளியலறைக்குத் தனியே போக அம்மம்மாவுக்குப் பயம். எழுபதாம் நாளோ என்னவோ, ஒரே வரி: "இண்டைக்கு அம்மம்மா தானே தேத்தண்ணி போட்டவ."

இதைத்தான் தாதியியலில் ஓர் ஆய்வுத் துறையாகவே செய்கிறார்கள்: நோயாளி தேறி வருவதை அவருடைய வாயாலேயே கேட்பது. ஒப்பரேஷனுக்குப் பிறகு எப்படித் தேறுகிறார் என்று அளக்க 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, மொத்தம் 150 புள்ளி. நித்திரை, சாப்பாடு, மூச்சு, தானாகக் கழுவிக்கொள்ள முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். நல்ல படிவம்தான். ஆனால் குளியலறைக்குப் போக ஏன் பயம் என்பதை அது சொல்லாது. அதற்கு ஆளோடு உட்கார வேண்டும். பதினைந்து இருபது பேர் போதும். ஒவ்வொருவரோடும் ஒரு மணித்தியாலம் பேசிப் பதிவுசெய்து, "ம்ம்" என்ற இழுவைகூட விடாமல் எழுதியெடுத்து, திரும்பத் திரும்ப வாசித்து, எந்தப் பேச்சு எதோடு சேர்கிறது என்று பிரிப்பார்கள். இப்படிச் செய்வதற்கான முக்கியமான முறையொன்றை 1967இல் முன்வைத்த கிளேசர், ஸ்ட்ராஸ் இருவரும் சமூகவியலாளர்கள். அது பிறந்தது வைத்தியசாலைகளில் சாகும் தறுவாயில் இருந்தவர்கள் பற்றிய ஆய்வில். ஸ்ட்ராஸ் அப்போது இருந்ததும் ஒரு தாதியர் கல்லூரியில்தான். 1984இல் ரொஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வும் இருக்கிறது: பித்தப்பை ஒப்பரேஷன் செய்தவர்களில், யன்னலால் மரம் தெரிந்தவர்கள் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள். அவர் பார்த்த சான்றுகளில் ஒன்று தாதியர் எழுதிவைத்த குறிப்புகள்.

இனி இங்கத்தைய வழி. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 2017இலிருந்து தாதியியலுக்குத் தனிப் பீடமே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும்கூடப் பட்டம் உண்டு. நான்கு வருஷம், கல்விக் கட்டணம் இல்லை. பிறகுதான் ஆய்வுப் பட்டம், விரிவுரையாளர் வேலை. "தேறுதல் ஆய்வாளர் தேவை" என்று பேப்பரில் விளம்பரம் வராது. முதல் வருஷங்களில் வார்டில் இரவு வேலையும் இருக்கும். அதையும் மகளிடம் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. கொழும்பு வார்டுகளில் "ஒரு மாதிரி இருக்கு பிள்ளை" என்று தமிழில் சொல்லும் கிழவிகள் நிறைய. அந்த "ஒரு மாதிரி" என்ன மாதிரி என்று தமிழிலேயே திருப்பிக் கேட்க ஆள் வேண்டும்.

"நேர்ஸ் என்று சொன்னால் சம்பந்தம் பேச வருகிறவர்கள்..." என்று நீங்கள் தொடங்கினீர்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்தப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

விண்ணப்பம் முடிவதற்குள் வாருங்கள், விருப்ப வரிசையைச் சேர்ந்து போடுவோம். கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் பாதிதான் வாசித்தேன். காணி உறுதி வீட்டிலேயே இருக்கட்டும்.