மலைநாட்டு ஈரத்தில் மாதிரி கோச்சிக்குப் பெயின்ட் அடிப்பது: கேள்வி பதில்

நானுஓயாவிலிருந்து: அண்ணே, எம்6 டீசல் இன்ஜின் மாதிரியின் பொடிக்கு (மேற்கூட்டுக்கு) ஸ்பிரே கேனால் கறுப்பு அடித்தேன். காய்ந்ததும் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. பெயின்ட் பழுதா?

பெயின்டில் பழுதில்லை தம்பி, ஊர்க் காற்றில்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்ந்து போகும். பனி இறங்கிய நேரமென்றால் காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பெயின்டில் படிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். லேக்கர் வகையும் ஸ்பிரே கேனும்தான் இதில் மோசம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் இந்தத் தொல்லை குறைவு.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு கேனைத் தொடவே வேண்டாம். மழையில்லாத நாளில் காலை 10 மணிக்குப் பிறகு அடியுங்கள். கேனைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் ஐந்து நிமிடம் நிற்கவையுங்கள். அடுப்பில் வைத்தால் வெடிக்கும். 20 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக மூன்று தடவை, இடையில் பத்துப் பத்து நிமிடம் விட்டு அடியுங்கள். பிறகு நேரே உலர்த்தும் பெட்டிக்குள். பெரிய அட்டைப்பெட்டி, மேலே ஓட்டை, உள்ளே 40 வாட் பழைய குண்டு பல்ப் ஒன்று, அவ்வளவுதான். பல்ப் அட்டையிலிருந்தும் பொடியிலிருந்தும் ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். உள்ளே 35 பாகையைத் தாண்ட விடாதீர்கள், மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். பல்ப் எரியும்போது பெட்டியை விட்டு எங்கும் போகவும் வேண்டாம்.

பூத்தது லேசாக இருந்தால், வெயில் நாளில் அதே வகைத் தின்னரை எயார் பிரஷால் புகைபோல ஒரு தடவை தூவுங்கள், பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் 2000 இலக்க ஈர உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

அட்டனிலிருந்து: கம்பனி பெயின்டை எதால் கழற்றுவது? பிரேக் ஒயிலில் ஊறவைக்கலாம் என்கிறார்களே?

வேண்டாம். சில பிளாஸ்டிக் அதில் நொறுங்கிப் போகும். லேக்கர் தின்னர் இன்னும் மோசம், உருக்கிவிடும். பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் கேளுங்கள், 90 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்லது. மோட்டார், லைட் போர்ட், ஜன்னல் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பொடியின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகு ஊறப்போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை பழைய டூத்பிரஷால் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பிரைமர் (அடிப்பூச்சு) பிடிக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்புக்குத் தள்ளியே வேலை செய்யுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: மஞ்சள் கோட்டின் ஓரம் பல் பல்லாக வருகிறது சேர்.

முதலில் வெள்ளை, அதன்மேல் மஞ்சள், கடைசியில்தான் அடர் நிறம். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த மஞ்சள்மேல் டேப்பை ஒட்டி, டூத்பிக்கின் மழுங்கிய பக்கத்தால் ஓரத்தை அழுத்துங்கள். பிறகு டேப் ஓரத்தில் அதே மஞ்சளை இன்னொருமுறை மெல்லிசாக அடியுங்கள். கசிவதாக இருந்தால் மஞ்சளே கசிந்து ஓட்டையை அடைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதற்குமேல் அடர் நிறம். அது முழுதாக இறுகுமுன், டேப்பைத் தன்மேலேயே மடித்து மெதுவாக இழுங்கள்.

பதுளையிலிருந்து: இலக்க ஸ்டிக்கரைச் சுற்றி வெள்ளிபோல மினுங்குகிறது. ஏன்?

மெட் (பளபளப்பில்லாத) பூச்சின்மேல் ஒட்டியிருப்பீர்கள். அந்தச் சொரசொரப்பில் காற்று அடைபட்டு நிற்கிறது. பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டிகல் (அந்த இலக்க ஸ்டிக்கர்), டிகல் இளக்கும் திரவம், கடைசியில் மெட். இந்த வரிசை மாறக்கூடாது. வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை இலக்கம் வேண்டுமென்றால் வெள்ளை டிகல் தாளில் பின்னணியை பொடியின் நிறத்திலேயே அச்சிட்டு வெட்டுங்கள். நிறம் கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும்.

தலவாக்கலையிலிருந்து: கைப்பிடிக் கம்பிக்கு எத்தனை மி.மீ.?

1:87 அளவுக்கு, அதாவது நிஜத்தைவிட 87 மடங்கு சிறிய மாதிரிக்கு, 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி. அதே அளவு துளைக்கருவி, கையால் திருகுவது. மின்சார ட்ரில் பிளாஸ்டிக்கை உருக்கும். கம்பிக்கு மெட்டல் பிரைமர் போடாவிட்டால் முதல் தடவை பிடித்துத் தூக்கும்போதே பெயின்ட் உரியும்.

மறுபடி அட்டனிலிருந்து: நம்ம பாதையில் ஓடுகிற இன்ஜின்மாதிரி அழுக்காக்குவது எப்படி?

எங்கும் கறுப்பைப் பூசிவிடாதீர்கள், எல்லாரும் செய்யும் பிழை அதுதான். 44க்கு 1 என்ற ஏற்றமும், ஏறக்குறைய 1900 மீற்றர் உயரத்துப் பட்டிப்பொலையும் உள்ள பாதை. ஏறும்போது புகைப்போக்கியைச் சுற்றிக் கூரையில் கரி படியும். இறங்கும்போது பிரேக் தேய்ந்து போகியில் (சில்லுகளைத் தாங்கும் சட்டத்தில்) துருநிறத் தூள் படியும். ஆகவே கூரைக்குக் கரும்சாம்பல் பாஸ்டல் (வண்ணச் சோக்) தூள், போகிக்குச் செம்பழுப்பு. மெட் வார்னிஷ் அடித்தால் தூளில் பாதி மறைந்துவிடும், அதனால் கொஞ்சம் கூடவே போடுங்கள்.

இன்னொன்று. நம்ம பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள 1676 மி.மீ. அகலம் 1:87இல் 19.3 மி.மீ. வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. அந்த ஒடுக்கம் கண்ணில் படாமலிருக்க, அடிப்பாகத்தையும் சில்லின் முகப்பையும் நல்ல அடர்பழுப்பாக விடுங்கள். சில் தண்டவாளத்தில் உருளும் விளிம்பிலும், கரண்ட் எடுக்கும் தகடு உரசும் உட்பக்கத்திலும் மட்டும் பெயின்ட் படக்கூடாது. பட்டால் இன்ஜின் விக்கி விக்கித்தான் ஓடும். பட்டுவிட்டால் அல்ககோல் தோய்த்த பஞ்சுக் குச்சியால் உடனே துடையுங்கள்.