சர்வே எண் எங்கே? மேற்கு மலைத் தொடர்: கேள்வி-பதில்

காட்கில் அறிக்கை அமலுக்கு வந்தால் வீட்டை விற்க முடியாது, ஓட்டைக்கூட மாற்ற முடியாது என்கிறார்களே? (கோத்தகிரி)

யார் சொன்னது, டீக்கடையிலா? மேற்கு மலையைக் காப்பது பற்றி மத்திய அரசு அமைத்த காட்கில் குழு 2011-இல் கொடுத்த அறிக்கை வேறு, கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் கொடுத்தது வேறு. சூழல் நுட்பமான பகுதி எது என்று வரையறுக்கும் மத்திய அரசின் வரைவு அறிவிக்கைகள் இரண்டாவதை ஒட்டியவை. அந்த வரைவிலேயே சொத்து கைமாறத் தடை இல்லை, இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கத் தடை இல்லை என்று எழுதியிருக்கிறது. ஓட்டை மாற்றுங்கள்.

கோவை அடிவாரத்தில் 10 சென்ட் பார்த்திருக்கிறேன். தரை சமமாகத்தான் இருக்கிறது. ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வாங்க வேண்டிவருமா?

கிராமத்தின் பெயரைக்கூட எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? ஹாக்காவுக்குத் தரை சமமா சரிவா என்பது கணக்கில்லை. கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. அடிவாரத்தில் அப்படிச் சிக்கும் கிராமங்கள் பல. புரோக்கர் 'அதெல்லாம் வாங்கிடலாம் சார்' என்பார். சர்வே எண் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊரில் பாதிக்கு மேல் தோட்டமும் வீடும்தான். அப்படியும் சூழல் நுட்பமான பகுதிப் பட்டியலில் ஏன்? (கூடலூர்)

கஸ்தூரிரங்கன் குழு கிராமத்தை அலகாக வைத்தது. கிராமப் பரப்பில் 20 சதவீதமோ அதற்கு மேலோ சூழல் நுட்பமான பகுதி என்றால் முழுக் கிராமமும் உள்ளே வந்துவிடும். இதைத்தான் கேரளா எதிர்த்தது. அங்கே அந்தப் பகுதி சுமார் 13,000 சதுர கிலோமீட்டராக இருந்தது 10,000-க்குக் கீழே வந்தது. காட்கில் குழு மலை முழுவதையும் எடுத்து மூன்று அடுக்காகப் பிரித்து, எதை எங்கே அனுமதிப்பது என்பதில் கிராம சபைக்கும் குரல் வேண்டும் என்றது. அதைப் படிக்காமலே பலர் எதிர்த்தார்கள்.

ஊட்டிக்கு அருகே வெறும் புல்மேடு கிடக்கிறது. மாணவர்களைக் கொண்டு 5,000 மரக்கன்று நட அனுமதி எப்படி வாங்குவது? (ஒரு சேவை அமைப்பு)

வாங்காதீர்கள். அது வெறும் புல்மேடு இல்லை. மேல் மலையில் பள்ளத்தில் சோலை, முகட்டில் புல்வெளி, இரண்டும் சேர்ந்ததுதான் காடு. பனி விழும் அந்தச் சரிவில் சோலை மரக்கன்று பெரும்பாலும் பிழைக்காது. பிழைப்பது சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும்தான் (யூகலிப்டஸ்). 1840-களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடவும் ஆலைக்கூழுக்கும் நாமே மலை மலையாக நட்டோம். புல்வெளி போனது, வரையாடு மேயும் இடமும் சுருங்கியது.

அவலாஞ்சிப் பக்கம் போனால் ஒரு புல் கொத்தை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள். மார்ச்சிலும் கருத்த மண் ஈரமாகக் கையில் ஒட்டும். பக்கத்துச் சீகைக் காட்டில் அதே விரல் காய்ந்த சருகில் முட்டும். அரசு நிலத்தில் வெளிநாட்டு மர ஒற்றைத் தோப்பு கூடாது என்று காட்கில் குழுவே சொன்னது. ஒரு நடவு விழாவில் மைக்கைப் பிடித்து இதைச் சொன்னேன். அடுத்த ஆண்டு அழைப்பிதழ் வரவில்லை.

மாணவர்களுக்கு வேலை வேண்டுமென்றால், வனத்துறை அனுமதியோடு சீகை நாற்றைப் பிடுங்க அனுப்புங்கள். மரத்தை வெட்டினாலும் மண்ணில் கிடக்கும் விதை ஆண்டுக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை பிடுங்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் பயனில்லை. அப்புறம், அந்த இடம் யாருடையது? கடிதத்தில் சர்வே எண் இல்லை.

வரைவு அறிவிக்கைக்கு ஆட்சேபம் அனுப்பலாமா? (தேனி)

2024 ஜூலை 31 வரைவுக்கு 60 நாள் கெடு. செப்டம்பர் கடைசியிலேயே முடிந்தது. 2014-இலிருந்து அது ஆறாவது வரைவு. வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் புதைந்த மறுநாள் வெளியானதும் வரைவுதான். மொத்தம் ஏறத்தாழ 57,000 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்தில் 6,900. குவாரி, மணல் அள்ளுதல், 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத புதுக் கட்டடம் எல்லாம் அதில் தடை. அடுத்து ஒன்று வந்தால் 'எதிர்க்கிறோம்' என்று ஒற்றை வரி அனுப்பாதீர்கள். கிராமம், சர்வே எண், காரணம் எழுதுங்கள்.

இ-பாஸால் மலைக்கு நன்மை உண்டா? (ஈரோடு)

நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனுக்காக நீதிமன்றம் வரம்பு வைத்தது. நெரிசல் குறையும். ஆனால் சரிவை வெட்டிக் கட்டும் காட்டேஜுக்கு ஜேசிபி தேவை. இ-பாஸ் அதைக் கேட்காது.